மேற்குப் பக்கம் வைத்த பூச்சி

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த காவேரியக்காவுக்கு,

நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ இருந்த காலத்தில் உனக்கு ஒரு கடுதாசிகூட நான் எழுதியதில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்வாய், அவர்கள் காதில் விழும்படி என்னத்தை எழுதுவது என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லோர் காதிலும் விழட்டும் என்றே எழுதுகிறேன். உன்னைப் பார்த்து நான் சிரித்தது ஊர் முன்னால். நீ சொன்னதுதான் சரி என்பதையும் ஊர் முன்னால்தானே சொல்ல வேண்டும்?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையே சில இடத்தில் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

அம்மா செத்தபோது எனக்கு மூன்று வயது, உனக்குப் பதினைந்து. என்னைக் கூட்டிக்கொண்டுதான் நீ கல்யாணம் கட்டிப் போனாய். பென்னாகரத்துக்கு வடக்கே, செம்மண்ணில் மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை. மாமா சீக்கிரமே போய்விட்டார். நீயும் உன் மகன் மாதனும் ஒரு ஜோடி எருதுமாக அந்தக் கொல்லையை உழுது ராகியும் கொள்ளும் விதைத்தீர்கள். நான் படித்து, விவசாய மேஸ்திரி ஆனேன். ஊர் ஊராகப் போய்ப் புது விதையும் பூச்சி மருந்தும் காட்டிக் கொடுக்கிற உத்தியோகம். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருப்பேன். அதை எடுத்துக் கண்ணில் வைத்தால் ஜனங்கள் வாய் மூடி நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

உன் கொல்லையின் நாலு பக்கமும் சப்பாத்திக்கள்ளி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த வேலி. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் அது சனியன். புறம்போக்கை மூடி, பாதையை மூடி, உழுகிற நிலத்துக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேர் விடும். உனக்கு மட்டும் அதன் மேல் ஒரு மரியாதை. முன்னால் ஒரு தடவை மழை பொய்த்தபோது, வைக்கோலும் இல்லாமல் சோளத்தட்டும் இல்லாமல் ஊரில் மாடு மாடாகச் செத்தது. நீ கள்ளி மட்டையைக் கொக்கியால் இழுத்து, நெருப்பில் வாட்டி முள்ளைப் பொசுக்கி, அரிவாளால் துண்டு போட்டு எருதுகளுக்குக் கொடுத்தாய். அவை பிழைத்தன.

மட்டை இலை அல்ல, தண்டு என்று பாடத்தில் படித்துவிட்டு வந்து உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். "இது ஒரு சேதியாடா?" என்றாய். "மட்டை மேல மட்டை கிளைக்குது, பூ பூக்குது, காய் காய்க்குது. எலை மேல எங்கயாவது காய் காய்க்குமா? இளமட்டையில சின்னதா கொக்கியாட்டம் பச்சையா வரும் பாரு, அதான் எலை. ரெண்டு வாரத்துல உதுத்துடும். எலை வெச்சிருந்தா தண்ணியெல்லாம் காத்துல போயிடும்னு அதுக்குத் தெரியும்." உன்னிடம் பூதக்கண்ணாடி கிடையாது. எதைப் பார்த்தாலும், இது இப்படி இருப்பது எதற்காக என்று கேட்கிற புத்தி இருந்தது. எனக்கு அந்தக் கேள்வி பரீட்சையில் மட்டும்தான் வரும்.

பிறகு ஒரு வருஷம் வைகாசியில் நம் ஊருக்குக் கள்ளிப்பூச்சி கொண்டுவந்தவன் நான். தருமபுரிப் பக்கத்தில் அதற்கு முன்பே விட்டிருந்தார்கள். கள்ளியை மட்டும் உறிஞ்சிக் கொல்லும், வேறு பயிரைத் தொடாது. அது உண்மைதான். ஊர்க்காரர்கள் கேட்டுத்தான் கொண்டுவந்தேன். பூச்சி பிடித்த மட்டைகளை நாலு கோணிப்பையில் கட்டி வண்டியில் ஏற்றி வந்து, மூன்று நாள் உன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தேன். நீ கோணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டாய்.

"இன்னாடா தம்பி, பூசணம் புடிச்சாப்புல வெள்ளையா?"

"பூசணம் இல்லக்கா, பூச்சி. பஞ்சுக்குள்ள ஒளிஞ்சிருக்குது. பஞ்சு மேல மழைத்தண்ணிகூட ஒட்டாது."

ஒன்றை நசுக்கினாய். விரலெல்லாம் சிவப்பு. முகம் சுளிக்காமல் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாய். "கால் எங்கடா இதுக்கு?"

"இருந்தும் இல்லாத மாதிரிதான். பொட்டைப் பூச்சி ஒரு தடவை வாயை உள்ள சொருகிட்டா சாகற வரைக்கும் அங்கயேதான். வாய் நூலாட்டம் இருக்கும். ஆண் பூச்சிக்கு றெக்கை உண்டு, வாய் கிடையாது."

நீ சிரித்துவிட்டாய். "நல்லா இருக்குதே! ஒண்ணு தின்னுட்டே உக்காந்திருக்கும், இன்னொண்ணு பட்டினியா சுத்தும்." அப்புறம்தான் கேட்டாய்: "என் வேலிக்கு வருமா?"

"பறக்கறது ஆண். அது வந்தா முட்டை போடுமா? முட்டை போடற பொட்டை நகராது. உன் வேலிய நான் தொட மாட்டேன், பயப்படாதே" என்றேன். அக்கா, நான் பொய் சொல்லவில்லை. நான் பார்த்தவரைக்கும் அது உண்மை.

மூன்றாம் நாள் காலை, புளியமரத்தடியில் ஊரைக் கூட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பூச்சியின் வாயையும் காலையும் பற்றி உன்னிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னேன். நீ பெண்டுகள் கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தாய். கையைத் தூக்காமல், யாரிடமும் கேட்காமல் பேசினாய்.

"தம்பி, அது குஞ்சு பொரிச்சிருக்குது. குஞ்சு நடக்குதே."

"கொஞ்ச தூரம் நடக்கும்க்கா. அடுத்த மட்டை வரைக்கும்."

"அடுத்த மட்டைக்கு எங்க போவுது? எல்லாம் உச்சிக்கில்ல ஏறுது! மட்டையோட விளிம்புல போய் நிக்குது. அங்க சாறு இருக்குதா, குடிக்கறதுக்கு? அதோட முதுகுல மயிரு இருக்குது, வெள்ளை மயிரு, ஒடம்பை விட நீளமா. எருக்கங்காய் வெடிச்சா வெதை எப்பிடிப் போவுது? பஞ்சு எதுக்கு வெச்சிருக்குது? நாயுருவி நம்ம சேலையில ஒட்டறதுக்குக் கொக்கி வெச்சிருக்குது. இது காத்துல போறதுக்கு மயிரு வெச்சிருக்குதுடா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு குஞ்சை எடுத்து அதில் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். சிரித்தேன். "அக்கா, பூச்சின்னா பூச்சி, வெதைன்னா வெதை. ரெண்டையும் ஒரே கொழம்புல போட்டுட்டியே" என்றேன். ஊரே சிரித்தது. நீயும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். என் மானத்தைக் காப்பாற்றத்தான் நீ சிரித்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு என்னோடு நடந்து வந்தாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய். "பூச்சி வுடு, வேணாங்கல. கெழக்கால ஓடைப் பக்கம் வுடு. மேக்கால வுட்டா ஆடிக் காத்து நேரா என் வேலிக்குக் கொண்டாந்து சேத்துடும். ஒரு வருசம் தள்ளிப் போனாலும் போதும் எனக்கு. அதுக்குள்ள வேற வேலி, வேற தீனி பாத்துக்குவேன்."

"கெழக்கால வண்டி போவாதுக்கா" என்றேன்.

வண்டி போகும். ஓடையைச் சுற்றிக்கொண்டு போனால் அரை மணி கூடுதல், அவ்வளவுதான். ஊர் முன்னால் நீ பேசிய பிறகு நான் கிழக்கே போனால், அக்கா சொல்லித்தான் மேஸ்திரி இடம் மாற்றினான் என்று பேச்சு வரும். அதற்காக மேற்கே போனேன். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. மட்டைகளைக் கவைக்கம்பில் குத்தித் தூக்கி, மேற்குப் புறம்போக்குக் கள்ளியின் மேல் வரிசையாகத் தொங்கவிட்டேன். நீ உன் கொல்லை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் காற்றை நீ எனக்காகத் திருப்பிவிட முடியுமா என்ன?

ஆடி வந்தது. மேற்கிலிருந்து, மலை இடுக்கு வழியாக, நிற்காமல் அடிக்கிற காற்று. ஐப்பசியில் உன் வேலியின் மேற்கு வரிசையில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன என்று மாதன் சொன்னான். மார்கழியில் ஒரு காலை நான் மட்டும் தனியாக அங்கே போய், அப்போதுதான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். மணல் அளவுகூட இல்லாத சிவப்புக் குஞ்சுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மெழுகுச் சரங்கள், வெயிலில் கண்ணாடி இழை மாதிரி. மட்டையின் உச்சி விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. லேசாகக் காற்று வந்தது. முன்னால் நின்றது இல்லை. அதற்குப் பின்னால் நின்றதும் இல்லை.

அன்றைக்கு உன் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. வந்து, "அக்கா, நீ சொன்னதுதான்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். மேற்கு வரிசையை மட்டும் வெட்டிக் கொளுத்தினால் மற்ற மூன்று பக்கத்தையாவது கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வந்தால் முதலில் இதைச் சொல்ல வேண்டுமே. கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு பென்னாகரத்துக்கு நடந்துவிட்டேன். மேற்கே விட்டதை அவசரத்தில் செய்த பிசகு என்று ஒருவேளை மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது?

அடுத்த கோடைக்குள் ஊரில் கள்ளியே இல்லை. ஜனங்கள் எனக்கு மாலை போட்டார்கள். புறம்போக்கு வெட்டவெளியாகக் கிடந்தது. உன் வேலியும் கறுத்து, கூழாகி, சாய்ந்து விழுந்தது. அந்த வருஷம் மழை வரவில்லை. அதற்குள் என்னை அரூருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆவணியில் உன்னைப் பார்க்க வந்தேன். ஒரு எருது செத்து நாலு நாள் ஆகியிருந்தது. மற்றது எழுந்திருக்கவில்லை. மாதன் அதன் வயிற்றுக்கடியில் கோணியைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தான், அது திரும்பத் திரும்ப மடிந்து உட்கார்ந்தது. என்னைக் கண்டதும் நீ எழுந்து, "வா சாமி, சாப்டியா?" என்றாய். வேலி இருந்த இடத்தில் காய்ந்த மட்டைகளின் எலும்புக்கூடு கிடந்தது. சதை போய், நார் மட்டும் வலை வலையாக. அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாய்.

"உள்ள எப்பிடிப் பின்னி வெச்சிருக்குது பாருடா. அத்தினி தண்ணியையும் தூக்கிட்டு ஒடையாம நிக்கறதுக்கு. உசுரோட இருக்கும்போது இது தெரியலையே நமக்கு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. உனக்குக் குத்திப் பேசத் தெரியாது. குத்தியிருந்தால் நான் உடைந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளும் உன் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு அநியாயம் பார்.

"அரூருக்கு வந்துடுங்கக்கா, ரெண்டு பேரும்" என்றேன். "உன் பொண்டாட்டி வூட்டுல எத்தினி நாளுடா?" என்று சிரித்தாய். ஒரு மாதத்துக்குள் நீயும் மாதனும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டீர்கள். நம் ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் கிளம்பினார்களாம். எனக்குச் சேதி தெரிந்தபோது நீங்கள் மைசூரைத் தாண்டியிருப்பீர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் உனக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாய். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதனுக்காக எழுதிப் போட்ட கார்டு பன்னிரண்டு நாள் கழித்து என் கைக்கு வந்தது.

நான் கிழக்கே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூச்சி எப்படியும் வந்திருக்கும். ஒரு வருஷம் தாமதமாக வந்திருக்கும். அந்த ஒரு வருஷம்தான் மழை பொய்த்த வருஷம். அப்படியிருந்தும் எருதுகள் செத்திருக்கலாம், நீ குடகுக்குப் போயிருக்கலாம். தெரியாது. தெரியாது என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

இங்கத்துச் சேதிகளைக் கேள். உலகச் சண்டை நடந்த காலமெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் அரூர் பஸ் கரிப்புகையில் ஓடியது. ஏற்றத்தில் நாமே இறங்கித் தள்ள வேண்டும். சண்டை முடிந்தும் அரிசிக்கு இன்னும் ரேஷன் கார்டுதான். என் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் தாவரப் பாடம் படிக்கிறாள். மாதன் குடகிலிருந்து திரும்பி வந்து, அந்த மூன்று ஏக்கரோடு கள்ளி அழிந்த இடத்தில் ஒரு துண்டுக்குப் பட்டாவும் வாங்கி, நிலக்கடலை போட்டிருக்கிறான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. உன் பேர்தான்.

போன மாதம் ஒரு மூட்டைக் கடலையோடு என் வீட்டுக்கு வந்திருந்தான். என் மேஜை மேல் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"குடகுல அட்டை ஜாஸ்திங்க மாமா. அது கடிச்சதும் எல்லாரும் சுண்ணாம்பு தடவி வீசுவாங்க. அம்மா மட்டும் ஒரு அட்டைய எலை மேல வுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு இருக்கும். 'ரெண்டு முனையிலயும் ஒட்டிக்குது பாருடா. பின்னால இருக்கறது வாய் இல்ல, நங்கூரம். அதைப் புடிச்சிக்கிட்டுத்தான் முன்னால எட்டி எட்டித் தேடுது. என் தம்பி இருந்தா கண்ணாடி வெச்சுப் பாத்துச் சொல்லுவான்'னு சொல்லும். கங்காணி வந்து அதட்டினாதான் எந்திரிக்கும்."

என் கண்ணாடி எதைப் பார்க்காமல் விட்டது என்று எல்லோரையும் விட உனக்குத்தானே நன்றாகத் தெரியும்? அதற்குப் பிறகும் அந்தக் கண்ணாடியை நம்பினாயா, என்னையா?

போகும்போது மாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கள்ளிய அழிச்சதாலதாங்க மாமா எனக்கு அந்த நெலம் வந்துது" என்றான். அவனுக்குத் தெரியாது, அக்கா. புளியமரத்தடியில் எல்லோரும் சிரித்தது அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ என்னோடு நடந்து வந்து கேட்டது அவனுக்குத் தெரியாது. நீ அவனிடம் சொல்லவே இல்லை. மாமன் மேல் அவனுக்கு ஒரு நல்லெண்ணம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாயா? அவன் படி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. இந்த வயதிலும் கூப்பிடவில்லை.

இந்தக் கடிதம் மாதப் பத்திரிகையில் வரப் போகிறது. நம் ஊர் வாசகசாலைக்கு அது வரும். யாராவது ஒருவர் மாதனுக்கு உரக்கப் படித்துக் காட்டி அவன் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் போகிறேன். அவனை உட்கார வைத்து, இதை நானே முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசிக்கிறேன். பாதியில் நிறுத்த மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவன் என்னைத் திட்டினால் திட்டட்டும். உனக்காகத் திட்டுவதற்கு அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

அதற்குப் பிறகும் அவன் என்னோடு வரச் சம்மதித்தால், தை பிறந்ததும் இரண்டு பேரும் குடகுக்கு வருகிறோம். உன்னை அடக்கம் செய்த இடம் அவனுக்குத்தான் அடையாளம் தெரியும். அவன் வரமாட்டேன் என்றால், வழி கேட்டுக்கொண்டு நான் தனியாக வருகிறேன்.

உன் தம்பி,
சின்னசாமி